டெல்டாவில் ஓடும் காருக்குப் பாலிஷும் செராமிக் கோட்டிங்கும்: செய்முறை

தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பூச்சு பெரும்பாலும் நான்கு அடுக்குகளைக் கொண்டது. தகட்டை ஒட்டி, மின்னூட்டத்தின் மூலம் படியவைக்கப்படும் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத க்ளியர் கோட். இவை அனைத்தும் சேர்ந்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான் வரும். அதில் க்ளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். பாலிஷ் போடும்போது கீறலின் அடிமட்டம் வரை அதைச் சுற்றியுள்ள பரப்பைச் சீவித் தள்ளுகிறோம். அப்படிச் சீவியது திரும்ப வளர்வதில்லை. விதைநெல்லை அளந்து எடுப்பதுபோல இதையும் அளந்துதான் எடுக்க வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

நாள் குறிப்பது

பாலிஷுக்குப் பின் காப்பாகப் பூசும் மெல்லிய படலமான செராமிக் கோட்டிங் போட நாள் குறிப்பதற்கு முன் வயலைப் பார்த்துக்கொள்வது நல்லது. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை நடக்கும்போது இயந்திரங்கள் கிளப்பும் தூசி ஊருக்குள்ளும் வந்து படியும். தார்ச்சாலையில் நெல்லைக் காயவைத்திருக்கும் இடங்களில் ஒவ்வொரு வண்டியும் உமித்தூளைக் கிளப்பிக்கொண்டே செல்லும். நெல் உமியில் சிலிக்கா மிகுதி. உமியை முழுவதும் எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதுதான். மண்ணும் உமியும் கலந்த இந்தத் தூசியைக் காலையில் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கமே நம் பக்கத்துக் கார்களில் வெயில் பட்டதும் சிலந்திவலையாகத் தெரியும் வட்டக் கீறல்களுக்கு முதற்காரணம் என்பது என் கருத்து. கடைசியில் நாம் பூசப்போகும் செராமிக் கோட்டிங்கின் அடிப்படைப் பொருளும் சிலிக்கா என்பது ஒரு வேடிக்கை.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரக்காற்றும் வேலையைக் கெடுக்கும். கத்திரி வெயிலில் தகடு கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் பாலிஷ் திரவம் வேலை செய்து முடிப்பதற்குள் காய்ந்து பொடியாகிவிடும். ஆகவே திறந்த கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரையிலும், ஆடிக்காற்று அடங்கியபின் குறுவை அறுவடை முழுவீச்சில் தொடங்குவதற்கு முன் உள்ள ஆவணி நாட்களும் ஏற்றவை. கதவடைத்து, குளிர்சாதனம் போட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

கழுவுவது

இந்த வேலையில் பாதிக்கு மேல் கழுவுவதுதான். பாலிஷ் இயந்திரத்தை எடுக்கும் ஆவலில் இதைச் சுருக்குபவர்கள், அழுக்கை அதன் முனையில் மாட்டும் தேய்ப்பு மெத்தையான பேடுக்கு அடியில் வைத்துத் தேய்த்துப் புதுக் கீறல்களை உண்டாக்கிவிட்டு அவற்றை எடுக்க மறுபடியும் க்ளியர் கோட்டைச் செலவழிக்கிறார்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் கருவி ஒன்று கடையில் இருக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. குடிக்க ஒத்துக்கொள்ளும் 500-கூடக் கறுப்பு பானெட்டின் மேல் காய்ந்தால் வெள்ளை வட்டங்களாக நின்றுவிடும். பொதுவாகத் திருவையாறு, பாபநாசம் பக்கம் ஆற்றை ஒட்டிய போர் தண்ணீர் ஓரளவு மென்மையாக இருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு என்று கடலை நெருங்க நெருங்க உவர்ப்பு ஏறும். எந்த ஊராக இருந்தாலும் அழுக்கைப் போக்கப் போர் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ நீரைப் பூவாளியிலோ தெளிப்பானிலோ ஊற்றினால் போதும். ஒரு காருக்கு இரண்டு குடம் ஆர்ஓ நீர் செலவாகும். உப்புக்கறையை எடுக்கும் உழைப்பு அதைவிடப் பல மடங்கு.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின், சக்கரங்களை முதலில் தனி வாளி, தனித் தூரிகை கொண்டு முடித்துவிடுங்கள். பிறகு கையால் எதையும் தொடாமல், அழுத்தமான நீரால் மேலிருந்து கீழாக அலசி, நுரையடித்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, மறுபடி அலசவும். அதன்பின்தான் கைவேலை. ஷாம்பு கலந்த நீர் ஒரு வாளியில், வெறும் நீர் இன்னொரு வாளியில். இரண்டின் அடியிலும் மண்ணைத் தங்கவைக்கும் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்புக்குள் விடவேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவுகளின் மேற்பாதி என்று வந்து, சேறு மிகுந்த கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொடவும். ஷாம்பு அமிலமோ காரமோ அல்லாத நடுநிலையானதாக இருக்கட்டும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி துவைக்கும் பொடியும் இதற்கானவை அல்ல. வாட்டர் சர்வீஸ் கடைகள் பலவற்றில் லாரிக்கும் காருக்கும் ஒரே பஞ்சு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சுக்குக் காரைக் கொடுப்பதைவிட அழுக்கோடு ஓட்டுவது மேல்.

நீர் போக்காதவை

கழுவி முடித்த பானெட்டின் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தோன்றிய இடத்தில் மணல்போலச் சொரசொரப்பு தட்டும். அது பூச்சில் பதிந்து நிற்கும் அழுக்கு. அதன் வகையைப் பொறுத்துத்தான் மருந்து.

இரயில் நிலையத்தை ஒட்டி நாள் முழுதும் நிறுத்தப்படும் கார்களிலும், எல்லாக் கார்களின் சக்கரங்களிலும் இரும்புத்துகள் பதிந்து துருவேறியிருக்கும். வெள்ளைக் காரில் இது பொடிப்பொடியான செம்புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும். இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகக் கசியும். அழுகிய முட்டை நாற்றம் வரும். அது காயும் முன் அலசிவிட வேண்டும். புதிதாகப் போட்ட சாலையில் ஓடியதால் கதவின் கீழ் ஒட்டிய தாருக்கும், முகூர்த்த நாளில் ரோஜாச்சரம் ஒட்டிய டேப்பின் பசைக்கும் தார் நீக்கி போதும். துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துப் பிறகு துடைக்கவும். சுரண்டக் கூடாது.

மழைக்காலத்து இரவுகளில் வயல்வெளிச் சாலையில் வந்த காரின் முன்பக்கம் தத்துப்பூச்சிகளால் மெழுகப்பட்டிருக்கும். பூச்சியின் உடல்நீர் க்ளியர் கோட்டை அரிக்கக்கூடியது. காக்கை எச்சமும் அப்படியே. இவை காய்ந்து இறுகியிருந்தால் ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுக்க வேண்டும். பூசை போட்ட வண்டியில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து நிற்கும். இவை பொடிகள் என்பதால், உலர்ந்த நிலையில் துடைத்தால் உப்புத்தாள்போல் கீறும். நீர் விட்டுக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். மஞ்சளின் சாயம் வெயிலில் தானே வெளுக்கும். அதற்காகத் தேய்க்க வேண்டியதில்லை.

உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு ஆர்ஓ நீரில் கலந்து, துணியில் நனைத்து, தகடு குளிர்ந்திருக்கும்போது ஒரு நிமிடம் ஒற்றி அலசவும். வட்டம் மறைந்தால் அது மேலே படிந்த கால்சியம். மறையாமல் விளிம்பு மட்டும் நின்றால் பூச்சு ஏற்கெனவே அரிக்கப்பட்டுவிட்டது, அதைப் பாலிஷில்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சொரசொரப்பு இருந்தால், பதிந்த அழுக்கை ஒட்டி எடுக்கும் களிக்கட்டியான க்ளே பார். வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, களியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் நகர்த்தி, அழுக்கேறியதும் மடித்துப் புதுமுகம் காட்டவும். கீழே விழுந்த களியை எடுத்துப் பயன்படுத்தாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அளப்பது

இனி இயந்திரத்துக்கு முன் கருவி. பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டரை ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடங்களிலாவது வைத்து, எண்களை ஒரு தாளில் எழுதவும். 100-க்கும் 150-க்கும் இடைப்பட்ட எண்கள் சீராக வந்தால் தொழிற்சாலைப் பூச்சு. ஒரு கதவில் மட்டும் 200-க்கு மேல் வந்தால் அது பின்னால் அடித்த பெயின்ட்; பல நூறு மைக்ரான் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் அந்த இடத்தில் தாராளமாகத் தேய்க்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியும் பிரைமரும் கனமாக இருக்க, க்ளியர் கோட் மெல்லியதாக இருக்கலாம். 80, 90 என்று குறைந்து வரும் தகட்டை ஏற்கெனவே யாரோ பலமுறை பஃபிங் செய்திருப்பார்கள். அங்கே மென்மையான ஃபினிஷிங் பாலிஷைத் தாண்டிப் போவதில்லை என்பது என் வழக்கம். சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் எண் வராது, ஆகையால் அங்கே எப்போதும் ஒரு படி குறைத்தே தேய்க்கவும்.

பழைய அம்பாசிடர் இன்னும் சில வீடுகளில் துணி போர்த்தி நிற்கிறது. அந்தக் காலத்துப் பூச்சில் க்ளியர் கோட் இல்லை. வெள்ளைத்துணியில் பாலிஷ் எடுத்து ஓரத்தில் தேய்த்தால் துணியில் காரின் நிறமே இறங்கும். அப்படி இறங்கினால் மிக மென்மையான பாலிஷோடும் மெழுகோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

வாய்க்கால் கரைச் சாலைகளில் இருபுறமும் சாய்ந்து நிற்கும் சீமைக்கருவேல முள் பக்கவாட்டில் இழுத்த நீளக் கோடுகள் இங்கே சாதாரணம். கோட்டுக்குக் குறுக்கே விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷால் பாதுகாப்பாக எடுக்க முடியாத ஆழத்தில் இருக்கிறது. அதன் விளிம்புகளை மழுக்கிப் பார்வைக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான். “ஒரு கோடுகூட இருக்கக் கூடாது தம்பி” என்று சொல்லும் பெரியவரிடம் மீட்டர் எண்ணைக் காட்டி, “அய்யா, இந்த ரெண்டு கோட்டையும் விட்டுருவோம், எடுத்தா அடுத்த தடவை எடுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது” என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. பத்தில் எட்டுக் கீறல் போனாலே வெயிலில் வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

தேய்ப்பது

ரப்பர் ஓரங்கள், சின்னங்கள், தகட்டின் கூர்மையான மடிப்புகள் ஆகியவற்றுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டவும். மடிப்பின் மேல் பூச்சு மெல்லியதாகப் படிந்திருக்கும். இயந்திரத்தின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பூச்சு எரிந்துபோவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

இயந்திரத்தில் இரு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுழன்று வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும்; கை தேராதவர் பிடித்தால் வெயிலில் மினுக்கும் ஹோலோகிராம் தழும்புகளை விட்டுச்செல்லும். டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் சுழன்றுகொண்டே அதிரவும் செய்வதால் சூடு குறைவு, ஆபத்தும் குறைவு. 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷன் ஒன்றும் 5 அங்குலத் தட்டும் இருந்தால் ஒரு காரின் வேலை முழுவதையும் முடித்துவிடலாம். கற்றுக்கொள்பவர் ரோட்டரியைத் தொட அவசரப்பட வேண்டாம்.

எந்தப் பேடு, எந்தத் திரவம் என்பதைப் புத்தகமோ விற்பனையாளரோ முடிவுசெய்ய முடியாது. பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடம் ஒன்றுதான் முடிவுசெய்யும். அங்கே மிக மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் கொண்டு தொடங்குங்கள். துடைத்து, விளக்கடித்துப் பார்த்து, போதவில்லை என்றால் அதே பேடில் சற்றுக் கடிய பாலிஷ், பிறகு கடிய பேடு, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் அல்லது கம்பளிப் பேடும், பாலிஷைவிடக் கடுமையாக வெட்டும் காம்பவுண்டும். எந்த இடத்தில் “இது போதும்” என்று தோன்றுகிறதோ அதையே வண்டி முழுவதற்கும் வைத்துக்கொள்ளவும்.

புதுப் பேடின் முகம் முழுவதும் திரவத்தைத் தடவிப் பரப்பியபின், ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணியளவு மூன்று, நான்கு சொட்டுகள் போதும். ஒன்றரை அடிச் சதுரம் ஒரு பகுதி. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, நான்கு அல்லது ஐந்தாம் எண் வேகத்தில், நொடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நகரும்படி, முந்தைய தடத்தில் பாதியை மூடிக்கொண்டு, முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் நான்கு முதல் ஆறு முறை ஓட்டவும். பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றிக்கொண்டிருந்தால் அழுத்தம் சரி, நின்றுவிட்டால் அழுத்துவது அதிகம் அல்லது பேடு சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்க்கவும். இளஞ்சூடு போதும். சீவப்பட்ட க்ளியர் கோட் பேடின் துளைகளில் அடைத்துக்கொள்ளும் என்பதால், பகுதிக்கு ஒருமுறை தூரிகையாலோ காற்றாலோ அதை வெளியேற்ற வேண்டும். டெல்டாவின் புழுக்கத்தில் பேடு விரைவில் நனைந்து கனத்துவிடும், ஒரு காருக்கு நான்கைந்து பேடுகளாவது மாற்ற வேண்டியிருக்கும்.

துடைத்தபின் தெரியும் பளபளப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலுக்குள் புகுந்து அதை மறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கழுவலில் கீறல் திரும்ப எழும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நீரில் 15 முதல் 20 விழுக்காடு அளவுக்குக் கலந்து தெளித்துத் துடைத்து, எல்இடி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அப்போது காண்பதுதான் உண்மையான நிலை. மீட்டரை மறுபடி வைத்து எண்களைக் குறிக்கவும். கடிய வேலைக்குப் பின் மூன்று, நான்கு மைக்ரான் குறைந்திருப்பது இயல்பு.

பூசுவது

செராமிக் கோட்டிங் காய்ந்தபின் நிற்கும் கனம் ஓரிரண்டு மைக்ரான் அளவுதான். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் மேல்படி. வைரத்தோடு ஒப்பிடும் மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சரளைக்கல்லையோ கருவேல முள்ளையோ அது தடுக்காது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள, பூச்சைக் காக்கும் பிளாஸ்டிக் படலமான பிபிஎஃப்தான் ஒட்ட வேண்டும். கோட்டிங் செய்வது வேறு: நீரையும் சேற்றையும் ஒட்டவிடாது, எச்சமும் பூச்சிச்சாறும் க்ளியர் கோட்டைத் தொடுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், கழுவும் வேலையைக் குறைக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இதுவே பெரிய உதவி.

பூசும் நாளில் கொட்டகைத் தரையில் நீர் தெளிக்காதீர்கள். பாலிஷ் போடும் நாட்களில் தூசியை அடக்க அது நல்ல வழி. கோட்டிங் போடும்போதோ ஈரக்காற்று எதிரி. பல கோட்டிங்குகள் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகுகின்றன. 80 விழுக்காடு ஈரப்பதத்தில் அவை நினைப்பதைவிட விரைவில் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் தகட்டில் பனிநீர் கோத்திருக்கும். காலை எட்டு மணிக்கு மேல், தகடு முழுதும் உலர்ந்தபின், மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்கவும். கையுறையும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம்.

ஆல்கஹால் துடைப்பு முடிந்த தகட்டின் மேல் கையோ வியர்வைத்துளியோ படக் கூடாது. சூயிட் துணி சுற்றிய கட்டையில் பத்துப் பன்னிரண்டு சொட்டு விட்டு, புட்டியை உடனே மூடவும். திறந்து வைத்தால் உள்ளே பசையாகிவிடும். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், இடவலமாகவும் மேல்கீழாகவும் ஒரு சீரான ஈரப்படலமாகப் பரப்பவும். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருங்கள். படலத்தின் மேல் எண்ணெய் மிதக்கும் நீரில் தெரிவதுபோன்ற நிறங்கள் ஓடி, அது முத்துமுத்தாக வியர்க்கத் தொடங்கும். அதுதான் துடைக்கும் பதம். புட்டியில் இரண்டு நிமிடம் என்று அச்சிட்டிருந்தாலும் நம் ஊர் வெப்பத்தில் அது முப்பது நொடியில் வந்துவிடக்கூடும். கடிகாரத்தைவிட விளக்கு நம்பகமானது. குட்டை நூலுள்ள மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் சமப்படுத்தி, இரண்டாவது துணியால் மெருகேற்றவும். இந்தத் துணிகளை இரண்டு, மூன்று பகுதிகளுக்கு ஒருமுறை மாற்றவும். நூலிழையில் கோட்டிங் இறுகினால் துணியே கீறத் தொடங்கும். துவைத்து மீண்டும் பயன்படுத்தவும் கூடாது.

அடுத்த தகட்டுக்குப் போவதற்கு முன் தாழ்ந்த கோணத்தில் விளக்கடித்து, கறுத்த திட்டு ஏதாவது நிற்கிறதா என்று தேடவும். இப்போதே கண்டால், கட்டையில் மீதமுள்ள ஈரத்தால் அதன்மேல் ஒருமுறை ஓட்டித் துடைத்தால் கரைந்துவிடும். மறுநாள் கண்டால் பாலிஷ் இயந்திரத்தைத்தான் எடுக்க வேண்டும், மறுபடியும் க்ளியர் கோட் செலவு.

ஒப்படைப்பது

பூசி முடித்த வண்டி ஒரு நாள் முழுதும் கூரையின் கீழ் நிற்கட்டும். அதற்குள் நீர் படக் கூடாது. முதல் ஏழு நாட்கள் ஷாம்பு வேண்டாம். இடையில் எச்சம் விழுந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. கோட்டிங் போட்ட வண்டியிலும் உப்புக்கறை விழும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். முத்தாகத் திரளும் போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வட்டம் இன்னும் எடுப்பாகவே நிற்கும், ஆகையால் கழுவியதும் துடைத்துவிட வேண்டும். நீர் முத்தாகத் திரளாமல் பரவி நிற்பதைக் கண்டால் கோட்டிங் போய்விட்டது என்று முடிவுகட்டாமல், முதலில் இரும்பு நீக்கி தெளித்துக் கழுவிப் பார்க்கலாம்; பெரும்பாலும் மேலே அழுக்குத்தான் அடைத்திருக்கும்.

எந்தத் தகட்டில் முன்னும் பின்னும் எத்தனை மைக்ரான் இருந்தது, எந்தப் பேடும் பாலிஷும் கொண்டு தேய்க்கப்பட்டது, எந்த நாளில் என்ன கோட்டிங் பூசப்பட்டது என்று எழுதிய தாளின் ஒரு படியை ஆர்சி புத்தக நகலோடு டேஷ்போர்டில் வைத்துக் கொடுக்கவும். அடுத்து பாலிஷ் போட வருபவர், அது வேறு ஊர்க் கடையாக இருந்தாலும், அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை எடுக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.